ராணுவ வீரருக்கு ஒரு பார்சல்: சின்னசேலத்தில் உள்ள ஒரு சிறிய சபையால் என்ன அனுப்ப முடியும்?

சின்னசேலம் தபால் ஆபீஸில் கொடுக்கும் எந்தப் பார்சலிலும் போய்ச் சேர வேண்டிய ஊர் பெயர் இருக்கணும். ஒரே ஒரு வகைப் பார்சலுக்கு மட்டும் அது வேண்டாம். படை எண், பதவி, பெயர், யூனிட்டின் பெயர், அதற்குக் கீழே '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ', கடைசியில் 9-ல் தொடங்கும் பின்கோடு. அவ்வளவுதான் முகவரி. ஊரும் இல்லை, மாநிலமும் இல்லை.

56 ஏபிஓ என்று எழுதியது டெல்லியில் உள்ள ராணுவ அஞ்சல் மையத்துக்குப் போகும். 99 ஏபிஓ என்றால் கொல்கத்தா. அங்கிருந்து ராணுவத்தின் சொந்த அஞ்சல் பிரிவு எடுத்துக்கொள்ளும். 1972 மார்ச் 1 முதல் தனிப் பிரிவாக இயங்கும் இந்த ராணுவ அஞ்சல் சேவையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நம்ம தபால் துறையிலிருந்து அயல்பணியில் போனவர்கள். சின்னசேலத்தில் பெட்டியைக் கட்டியவருக்கு, அது லடாக்கில் பிரிக்கப்படுமா, அருணாச்சலில் பிரிக்கப்படுமா என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே இப்படி ஒரு முகவரி.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சிறிய சபைகளில் ஒரு பேச்சு எழுவது உண்டு. "நம்ம பிள்ளைங்க மிலிட்டரில இருக்காங்களே, லீவும் கிடைக்காது, ஏதாவது அனுப்பலாமா?" அமெரிக்காவில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முப்பது, நாற்பது குடும்பங்கள் மட்டுமே உள்ள சர்ச்சுகள்கூட ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேசையைப் போட்டு, பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்புகின்றன. இங்கே பெரும்பாலும் அவரவர் வீட்டிலிருந்து அம்மாக்கள் அனுப்புவதோடு சரி. ஒரு சபையாகச் சேர்ந்து அனுப்ப முடியுமா, அனுப்பினால் எதை அனுப்புவது, யாருக்கு அனுப்புவது?

நூறு வருடத்துக்கும் மேலாகப் பல பேர் மோதிப் பார்த்த கேள்விகள் இவை. அதில் முக்கியமான ஒருவர் பக்கத்துச் சேலத்தில் பிறந்தவர்.

'கேர் பேக்கேஜ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அக்கறையோடு அனுப்புவதால் 'கேர்' என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் அமைப்பின் பெயர்ச் சுருக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 நவம்பரில், பசியில் கிடந்த ஐரோப்பாவுக்கு உணவு அனுப்ப அமெரிக்காவில் 22 அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது அது. அவற்றில் சர்ச் அமைப்புகளும் இருந்தன. பத்து டாலர் கட்டினால் ஐரோப்பாவில் உள்ள உறவினருக்கு ஒரு பெட்டி போய்ச் சேரும். முதல் பெட்டிகள் 1946 மே 11 அன்று பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கின.

சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த முதல் பெட்டிகள் ராணுவத்துக்காகக் கட்டப்பட்டவை. பத்து சிப்பாய்களுக்கு ஒரு நாள் சாப்பாடு என்ற கணக்கில் தயாரித்து, போர் முடிந்ததால் மிஞ்சிப்போன சரக்கு. சிப்பாயின் பெட்டி பொதுமக்களுக்குப் போனது. பிறகு அந்தப் பெயர் மட்டும் திரும்பி வந்து, பொதுமக்கள் சிப்பாய்க்கு அனுப்பும் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்த 'கேர்' புதிதில்லை. 1960-களில் பள்ளிக்கூட மதிய உணவுக்குப் பால் பவுடர் கொடுத்தது இதே அமைப்புதான். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதன் ருசியை இன்னும் சொல்வார்கள்.

சிகரெட்டுக்குப் பதில் கற்கண்டு

பெயர் 1940-களில் வந்தது என்றாலும் வழக்கம் அதைவிடப் பழையது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல், பிரிட்டன் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் ஒரே மகள் இளவரசி மேரிக்கு வயது 17. கிறிஸ்துமஸுக்கு எல்லா வீரர்களுக்கும் ஒரு பரிசு போக வேண்டும் என்று அவர் பெயரில் அக்டோபரில் வேண்டுகோள் வந்தது. பணம் குவிந்தது. பித்தளையில் ஒரு சின்ன டப்பா, உள்ளே புகையிலை, சிகரெட், லைட்டர், ஒரு வாழ்த்து அட்டை. போர் முடிந்து கணக்கு முடித்தபோது 26 லட்சம் பேருக்கு இந்தப் பரிசு போயிருந்தது. நடுவில் பித்தளைக்கே தட்டுப்பாடு வந்து, டப்பா செய்வது தடைபட்ட கதையும் உண்டு.

இதில் நமக்குத் தேவையான விஷயம் வேறு. 1914 செப்டம்பர் கடைசியிலேயே இந்தியப் படைகள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியிருந்தன. அந்தக் குளிரில், பதுங்குகுழியில், கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்றே கேள்விப்படாத ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே டப்பாவை அனுப்பியிருந்தால் பாதி பேர் தூக்கித்தான் போட்டிருப்பார்கள். சீக்கியர்களுக்குப் புகையிலை ஆகாது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். சீக்கியர்களுக்குக் கற்கண்டும் ஒரு டப்பா மசாலாப் பொருட்களும். மற்ற இந்திய வீரர்களுக்கு அதோடு சிகரெட்டும். கூர்க்காக்களுக்கு பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த அதே பெட்டி. படையோடு போன உதவியாளர்களுக்கு மசாலா டப்பா.

ஆண்ட பேரரசு தன் தேவைக்காகக் கூட்டிப்போன ஆட்களுக்குக் கொடுத்த பரிசு இது என்பதை மறக்க வேண்டாம். அந்தப் போரில் சுமார் 13 லட்சம் இந்தியர்கள் பணியாற்றினார்கள், 74,000 பேர் வரை திரும்பவில்லை. கற்கண்டு அதற்கு ஈடாகாது. ஆனாலும் பரிசு கொடுப்பவர் தனக்குப் பிடித்ததைக் கொடுப்பதா, வாங்குபவருக்கு ஆகிவருவதைக் கொடுப்பதா என்ற கேள்விக்கு அந்த மசாலா டப்பா சரியாகவே பதில் சொன்னது.

இரண்டாம் உலகப் போரிலும் இதே யோசனை தொடர்ந்தது. ஜெர்மனி, இத்தாலி முகாம்களில் கைதிகளாக இருந்த இந்திய வீரர்களுக்காக லண்டனில் ஒரு நிதி அமைப்பு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பொதிகளைக் கட்டி அனுப்பியது. அந்தப் பொதிகளில் பருப்பும் மசாலாப்பொடியும் இருந்தன.

சென்னை மாகாணத்திலிருந்தும் போனது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அதே ஆண்டு மாகாண மக்களின் நன்கொடையில் 'மெட்ராஸ்' என்ற பெயரில் ஒரு மருத்துவமனைக் கப்பல் தயாரானது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நன்கொடை என்றாலும், வசூல் மேலிடத்திலிருந்து வரும்போது எது மனசாரக் கொடுத்தது, எது மறுக்க முடியாமல் கொடுத்தது என்று பிரிப்பது கஷ்டம்.

சேலத்துக்காரர் ஒருவரும் ஒரு நிபந்தனையும்

இப்போது அந்தச் சேலத்துக்காரரிடம் வருவோம். கனகராயன் திருச்செல்வம் பால், சுருக்கமாக கே.டி.பால். 1876-ல் சேலத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டுப் பணத்தையும் வெளிநாட்டு ஆட்களையும் நம்பாமல் இந்தியக் கிறிஸ்தவர்களே நடத்த வேண்டும் என்று 1905-ல் தொடங்கிய தேசிய மிஷனரி சங்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

அவர் பொறுப்புக்கு வந்தபோது அந்த அமைப்பு முழு வேகத்தில் ராணுவ வேலை செய்துகொண்டிருந்தது. 1914-லேயே இந்தியப் படைகளோடு ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் பிரான்ஸுக்குப் போயிருந்தார்கள். பிறகு மெசபடோமியா, அதாவது இன்றைய இராக். பிறகு கிழக்கு ஆப்பிரிக்கா. கூடாரம் போட்டு டீ கொடுத்தார்கள். கிராமபோன் வைத்தார்கள். கால்பந்து, ஹாக்கி நடத்தினார்கள், படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, காகிதமும் கவரும் இலவசமாகக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், வந்த கடிதத்தை வாசித்துக் காட்டினார்கள்.

இதற்கெல்லாம் அரசு அனுமதி கொடுத்தது ஒரு நிபந்தனையோடு. கிறிஸ்தவர் அல்லாத சிப்பாய்களிடம் மதப் பிரசாரம் கூடாது. துண்டுப் பிரசுரம், பிரசங்கம் எதுவும் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? 1857-ல் பட்ட அடிதான். தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய சந்தேகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை பிரிட்டிஷ் அரசு மறக்கவே இல்லை. சிப்பாயின் மதத்தைத் தொட்டுவிடுவோமோ என்ற பயம் அதற்கு எப்போதும் உண்டு. கிறிஸ்தவப் பெயரையே பெயரில் வைத்திருக்கும் ஓர் அமைப்பை முகாமுக்குள் விடுவது அதன் பார்வையில் பெரிய ரிஸ்க்.

மதத்தைப் பரப்புவதற்காகவே பிறந்த ஓர் அமைப்புக்கு இது சாதாரண நிபந்தனை இல்லை. 'அப்படியென்றால் நாம் எதற்குப் போகணும்?' என்ற கேள்வி இயல்பாகவே வரும். ஆனாலும் போனார்கள். சீக்கியரும் பட்டாணியரும் ராஜபுத்திரரும் தமிழரும் ஒரே கூடாரத்தில் டீ குடித்தார்கள். யாரிடமும் ஞானஸ்நானம் பற்றிப் பேசவில்லை. முகப்பில் ஒய்.எம்.சி.ஏ.வின் சிவப்பு முக்கோணம் மட்டும் தொங்கியது.

கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலை வீரர்களுக்கு ஆறுதல் என்றால், ஆட்சிக்கு அது லாபம். டீ கிடைக்கிற, வீட்டுக்குக் கடிதம் போகிற சிப்பாய் முணுமுணுக்க மாட்டான். அன்பையும் ஆட்சியின் தேவையையும் பிரித்துப் பார்க்க முடியாத இடம் அது. கே.டி.பால் தேசிய உணர்வு உள்ளவர். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கூடாது என்றவர், 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவப் பிரதிநிதியாகப் போனவர். அப்படிப்பட்டவரின் தலைமையில்தான் பேரரசின் படைக்கு இந்தச் சேவை நடந்தது. 1931-ல் அவர் மறைந்தார். கிராமங்களில் கூட்டுறவு, விவசாயம் என்று அவர் தொடங்கிவைத்த வேலைகள்தான் இன்று அதிகம் நினைக்கப்படுகின்றன. ராணுவக் கூடாரங்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

சின்னசேலம் பகுதிச் சபைகளுக்கு அந்தப் போரோடு இன்னொரு மெல்லிய தொடர்பும் உண்டு. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. அந்த மாவட்டத்தில் வேலை செய்தது டேனிஷ் மிஷன். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வளர்ந்தது. போரில் டென்மார்க் நடுநிலை வகித்ததால் டேனிஷ் மிஷனரிகள் 'எதிரி நாட்டார்' ஆகவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளின் கதை வேறு. அவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள், நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சபைகள் ஒரே நேரத்தில் தங்கள் போதகரையும் இழந்து, 'நீங்கள் யார் பக்கம்?' என்ற பார்வையையும் தாங்க வேண்டியிருந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் தனித் திருச்சபையானதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

சரி, பணத்துக்கு எங்கே போவது?

சிறிய சபை என்றால் பெரிய பணக்காரர்கள் இருக்க மாட்டார்கள். விவசாயக் கூலி, கொத்தனார், டீச்சர், கடை வைத்திருப்பவர் என்று கலந்து இருப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டுச் சபைகளுக்குச் சின்னச் சின்னதாகச் சேர்க்கத் தெரியும். பிடி அரிசி அதில் பழையது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. வாரக் கடைசியில் அதைச் சபைக்குக் கொண்டுவருவது. வீட்டில் பணம் ஆண் கையில் இருந்த காலத்தில், தன் கையால் கொடுக்கப் பெண்களுக்கு இருந்த ஒரே வழி அது. பிறகு அறுப்பின் பண்டிகை ஏலம். ஒரு பூசணிக்காயையோ வாழைத்தாரையோ கடை விலையைவிடப் பல மடங்கு கூட்டி ஏலம் எடுத்து, அதையே மறுபடி காணிக்கையாகக் கொடுத்து, மறுபடி ஏலம் விட்டு... பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பாதி சிரிப்பு, பாதி வீம்பு. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் குழுக்கள் இதே மாதிரி சேர்க்கின்றன.

கேரல் ரவுண்டில் வீடு வீடாகக் கிடைக்கும் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கினாலே சில பார்சல்களுக்குக் காணும். பணம் இதில் பெரிய தடை இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் சறுக்கல்.

ஸ்வெட்டர் பின்னிய காலம்

1962 அக்டோபர் 20-ல் சீனப் போர் தொடங்கியபோது, இமயமலை உயரத்தில் நம் வீரர்கள் பலர் பருத்திச் சீருடையிலும் கேன்வாஸ் ஷூவிலும் நின்றார்கள். செய்தி பரவியதும் நாடு முழுக்கப் பெண்கள் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வும் அந்தக் கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுப் போர் முயற்சிக்கு ஆதரவு சொன்னது.

அன்று ஒரு ஸ்வெட்டர் உண்மையிலேயே ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். இன்று நிலைமை அது இல்லை. 1984 முதல் சியாச்சினில் படை நிற்கிறது. அந்தக் குளிருக்கான உடை, காலணி எல்லாம் தனியாகத் தயாரித்து ராணுவமே கொடுக்கிறது. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் கேன்டீனில் மலிவாகவே கிடைக்கும். அதனால் 'பாவம், அங்கே எதுவும் கிடைக்காதே' என்று நினைத்துக் கட்டும் பெட்டி பெரும்பாலும் தேவையில்லாத பெட்டி.

கேன்டீனில் கிடைக்காதது எது? அம்மா அரைத்த இட்லிப்பொடி. பூண்டு போட்ட பருப்புப்பொடி. சுக்குக் காபிப்பொடி. கல்வராயன் மலைத் தேன். தமிழில் எழுதிய ஒரு கடிதம்.

இப்போது அனுப்ப நினைத்தால்...

முதல் விஷயம், பெயர் இல்லாமல் அனுப்ப முடியாது. 'எல்லையில் உள்ள ஏதாவது ஒரு வீரருக்கு' என்று எழுதி அஞ்சலில் போட இங்கே வழி கிடையாது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படி ஒரு முகவரி இருந்தது. 2001-ல் ஆந்த்ராக்ஸ் தடவிய கடிதங்கள் வந்து உயிர்கள் போன பிறகு, யார் அனுப்பியது, யாருக்கு என்று தெரியாத பார்சல்களை அந்த ராணுவம் நிறுத்திவிட்டது. அதன் பிறகுதான் அங்கே தன்னார்வ அமைப்புகள் முளைத்து, வீரர்களே முன்வந்து தங்கள் பெயரைக் கொடுக்கும் முறை வந்தது.

அதனால் சபை தொடங்க வேண்டிய இடம் தன் சொந்தப் பதிவேடு. நம்ம சபையில், பக்கத்துச் சபையில், நம்ம தெருவில் யார் வீட்டுப் பிள்ளை படையில் இருக்கிறார்? அக்னிவீர் திட்டம் 2022-ல் வந்த பிறகு, பதினெட்டு, பத்தொன்பது வயதில் நான்கு வருடத்துக்கு என்று போகிறவர்கள் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். முதல் முறையாக வீட்டைவிட்டுப் பிரிந்து, மொழி தெரியாத யூனிட்டில் நிற்கும் பையனுக்குத்தான் இந்தப் பெட்டி அதிகம் தேவை. முகவரியை அவர் வீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டு வாங்கியதை வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. ஆர்வத்தில் நாம் பகிரும் யூனிட் பெயரும் பின்கோடும், ஊர் பெயர் இல்லாத அந்த முகவரியின் பாதுகாப்பையே கெடுத்துவிடும். பெட்டியோடு செல்ஃபி எடுத்து ஃபேஸ்புக்கில் போடுபவர்கள் முகவரி ஒட்டிய பக்கத்தையாவது திருப்பி வைப்பது நல்லது.

ஏபிஓ முகவரிக்குத் தபால் துறை வழியாக அனுப்புவதுதான் வழி. தனியார் கூரியர்களிடம் கொடுத்து அலைய வேண்டாம். உள்நாட்டுத் தபால் கட்டணம்தான்.

கட்டும்போது சமையலறை அறிவு போதும். பொடி வகைகளை நன்றாக ஆறவைத்து, இரண்டு உறை போட்டுக் கட்டணும். ஊறுகாய் அனுப்பியே ஆகணும் என்றால் எண்ணெய் கசியாத டப்பா. ஒரு டப்பா கசிந்தால் மொத்தப் பெட்டியும் போச்சு, கூடவே அடுத்தவர் பார்சலும். முறுக்கையும் சோப்பையும் ஒன்றாக வைத்தால் இரண்டு வாரம் கழித்து முறுக்கில் சோப்பு வாசம்தான் வரும். சென்ட் ஸ்பிரே, லைட்டர் போன்ற எரியும் பொருட்களைத் தபாலில் வாங்க மாட்டார்கள். கேக் வேண்டாம், பெட்டி பல கை மாறிப் போய்ச் சேருவதற்குள் தூளாகியிருக்கும், இல்லை பூஞ்சை பிடித்திருக்கும். கடலை உருண்டை தாங்கும். மலைப் பகுதிகளில் பனி விழத் தொடங்கினால் தாமதமாகும் என்பதால், கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டியதை அக்டோபர் கடைசியிலேயே அனுப்பிவிடுவது உத்தமம்.

ஒருவருக்கு அனுப்பினால் ஒருவர் மட்டும் சாப்பிட மாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாரக்கில் பெட்டி பிரிந்தால் பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் வருவார்கள். அதில் பஞ்சாபியும் இருப்பார், நாகாவும் இருப்பார்.

கே.டி.பால் காலத்து நிபந்தனை இங்கேதான் திரும்ப வருகிறது. பெட்டிக்குள் வேத வசன அட்டை வைக்கலாமா? சபையின் சொந்தப் பிள்ளைக்கு, அவர் விரும்புவார் என்று தெரிந்தால், தாராளமாக. அவருக்கு அது வீட்டு வாசனை. ஆனால் ஒரு யூனிட்டுக்கே அனுப்பும் பெட்டியில் பிரசுரங்களை அடுக்குவது வேறு. இந்திய ராணுவத்தில் இந்துக்களுக்குப் பண்டிட், சீக்கியர்களுக்குக் கிரந்தி, முஸ்லிம்களுக்கு மௌல்வி, கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியார் என்று மத ஆசிரியர் பதவிகளே உண்டு. பல யூனிட்களில் எல்லா மதத்துக்கும் ஒரே கூரையின் கீழ் வழிபாட்டு இடமும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியிலிருந்து வரும் பிரசுரம், அனுப்பியவருக்கு இல்லாவிட்டாலும், வாங்கிய பையனுக்குச் சங்கடம். அவன்தான் அங்கே பதில் சொல்லணும். 'இனிய கிறிஸ்துமஸ், சின்னசேலத்திலிருந்து' என்று கையால் எழுதி, சண்டே ஸ்கூல் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டால் போதும்.

பதில் வருமா? வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் அதில் எங்கே இருக்கிறார் என்று எழுதியிருக்காது. பதில் வரவில்லை என்று அவர் அம்மாவிடம் போய்க் கேட்காமல் இருப்பதும் பரிசில் ஒரு பாகம்.

ஊரிலேயே இருக்கும் முகவரிகள்

பெட்டி கட்டுவது கண்ணுக்குத் தெரியும், போட்டோ எடுக்கலாம். அந்த அளவுக்குக் கண்ணில் படாத ஒரு வேலை உள்ளூரிலேயே இருக்கிறது. படையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், அவர்களின் விதவைகள், மகன் வெளியூரில் இருக்கத் தனியாக இருக்கும் பெற்றோர். ராணுவ ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற ஆன்லைன் முறைக்கு மாறிவிட்டது. ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றை ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். தவறினால் பணம் நின்றுபோகும். செல்போனிலேயே முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி உண்டு. ஆனால் எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு ஆதார், ஓடிபி, ஆப் என்றால் தலை சுற்றும். கணவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதற்கு ஓர் அலைச்சல். சபையின் வாலிபர் ஐக்கியத்தில் போன் கையாளத் தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டு பேர் உட்கார்ந்தால் தெருவில் உள்ள எல்லாருடைய சான்றையும் முடித்துக் கொடுத்துவிடலாம்.

இதற்கு மேல் சிக்கல் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கல்வி உதவித்தொகை, திருமண உதவி, கைம்பெண்களுக்கான உதவிகள் எல்லாம் அந்த வழியாகத்தான். பலர் அங்கே போவதில்லை. தனக்கு என்ன உரிமை என்று தெரியாததும், கூட வர ஆள் இல்லாததும்தான் காரணம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு விழுப்புரம் வரை போகும் அலைச்சல் பல வேலைகளில் குறைந்திருக்கிறது.

பெட்டிக்கும் நேரம் இல்லை, ஆளும் இல்லை என்றால் கொடி நாள் நிதி உண்டு. 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் கொடி நாள். போரில் ஊனமுற்றவர்கள், இறந்தவர்களின் குடும்பங்கள், முன்னாள் வீரர்கள் ஆகியோருக்காகவே இந்த வசூல். மாவட்டத்தில் ஆட்சியர் தொடங்கிவைப்பார். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சின்னக் கொடியைக் குத்திவிட்டுப் பணம் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சபைகளின் காலண்டருக்கும் இது பொருந்தும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் எந்த வருடமும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில்தான் தொடங்கும் என்பதால், டிசம்பர் 7 எப்போதும் அதற்குள்ளேயே வரும். அந்த வாரம் பெரும்பாலான சபைகளில் கேரல் பாடும் குழு தயாராகிக்கொண்டிருக்கும்.